‘எழுதி வெச்சுக்கோ, 3-1!’: கால்பந்துக் கணிப்பில் கணக்கு எவ்வளவு, அதிர்ஷ்டம் எவ்வளவு?

சனிக்கிழமை இரவு. இங்கிலாந்தில் பிற்பகல் 3 மணி என்றால், இந்தியாவில் குளிர்காலத்தில் இரவு 8.30, மற்ற மாதங்களில் 7.30. பிரீமியர் லீக் மேட்ச்கள் வரிசையாகத் தொடங்கும் நேரம் அது. அதற்கு முன்பே வாட்ஸ்அப் குரூப்கள் சூடாகிவிடும். “3-1, எழுதி வெச்சுக்கோ”, “இன்னைக்கு டிராதான் மச்சி” என்று ஆளாளுக்குக் குறி சொல்வார்கள். இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தால் ஸ்கோர் 0-1. குரூப்பில் மயான அமைதி.

இது நண்பர்களுக்குள் நடக்கும் வரை ஜாலிதான். ஆனால், அதே போனில் இன்னொரு பக்கம், ‘100% ஷ்யூர் ஷாட்’ என்ற பெயரில் டெலிகிராம் சேனல்கள் கணிப்புகளைக் காசுக்கு விற்கின்றன. அங்கேதான் விளையாட்டு வினையாகிறது. உண்மையில் ஒரு கால்பந்து மேட்ச்சை எந்த அளவுக்குக் கணிக்க முடியும்?

ஒரே ஒரு கோல் போதும்

கிரிக்கெட்டில் ஒரு இன்னிங்ஸில் நூற்றுக்கணக்கில் ரன்கள் வரும். கூடைப்பந்தில் ஓர் அணி 100 புள்ளிகளைத் தாண்டுவதும் சாதாரணம். கால்பந்தில் அப்படி இல்லை. 2023-24 பிரீமியர் லீக் சீசனில் 380 மேட்ச்களில் 1,246 கோல்கள் விழுந்தன. 20 அணிகள் ஆடும் முறை வந்த பிறகு அதுதான் சாதனை. அந்த ‘கோல் மழை’ சீசனிலும் ஒரு மேட்ச்சுக்குச் சராசரி 3.28 கோல்தான்.

ஸ்கோர் இவ்வளவு குறைவாக இருக்கும்போது, ஒவ்வொரு கோலும் மேட்ச்சின் தலையெழுத்தையே மாற்றும். டிஃபெண்டரின் காலில் பட்டுத் திசைமாறிய பந்து, ஒரு பெனால்டி, போஸ்ட்டில் மோதித் திரும்பிய ஷாட் என்று ஏதாவது ஒன்று போதும், 90 நிமிடம் நன்றாக ஆடிய அணி வெறுங்கையோடு திரும்ப. பலம் குறைந்த அணி ஜெயிப்பதற்கு மற்ற பல விளையாட்டுகளைவிடக் கால்பந்தில் வாய்ப்பு அதிகம். ரசிகர்களைக் கட்டிப்போடுவதும் இதுதான், கணிப்பவர்களைக் கவிழ்ப்பதும் இதுதான்.

மேட்ச் வேறு, சீசன் வேறு

அப்போ எல்லாமே அதிர்ஷ்டமா? இல்லை. ஒவ்வொரு அணியும் ஒரு சீசனில் 38 மேட்ச் ஆடுகிறது. ஒரு நாள் கிடைத்த அதிர்ஷ்டத்தை இன்னொரு நாள் துரதிர்ஷ்டம் பெருமளவு சமன் செய்துவிடும். அதனால்தான் சீசன் முடிவில் பணபலமும் வீரர் பலமும் உள்ள அணிகள் பெரும்பாலும் மேலேயே இருக்கின்றன. சாம்பியன்ஷிப்பிலிருந்து பிரீமியர் லீக்குக்கு ஏறி வந்த மூன்று அணிகளும் 2023-24 சீசனில் உடனே கீழே இறங்கின. 2024-25 சீசனிலும் ஏறி வந்த மூன்று அணிகளுக்கும் அதே கதிதான்.

ஆனால், ‘பெரும்பாலும்’ என்ற சொல்லுக்குள் நிறைய ஆச்சரியங்கள் ஒளிந்திருக்கின்றன. 2014-15 சீசனில் 14-வது இடத்தில் முடித்த லெஸ்டர் சிட்டி, அடுத்த சீசனில் 81 புள்ளிகளுடன் கோப்பையைத் தூக்கியது. இரண்டாம் இடம் வந்த ஆர்சனலைவிட 10 புள்ளிகள் அதிகம். சீசன் தொடங்கும்போது லெஸ்டருக்குப் பந்தய நிறுவனங்கள் கொடுத்த விகிதம் 5,000-க்கு 1. அதே சீசனில் நடப்பு சாம்பியன் செல்சி 10-வது இடத்துக்குச் சரிந்தது.

2012 மே 13-ம் தேதியை எடுத்துக்கொள்ளுங்கள். கடைசி நாள் மேட்ச்சில் குயின்ஸ் பார்க் ரேஞ்சர்ஸை வென்றால் மான்செஸ்டர் சிட்டி சாம்பியன். எதிரணியில் ஒருவர் ரெட் கார்டு வாங்கி வெளியேறி 10 பேர்தான் மிச்சம். ஆனாலும், 90 நிமிடம் முடிந்தபோது சிட்டி 1-2 எனப் பின்தங்கியிருந்தது. கூடுதல் நேரத்தில் எடின் ஜெகோ ஒன்று, செர்ஜியோ அகுவேரோ ஒன்று. 93 நிமிடம் 20-வது நொடியில் விழுந்த கோலில் கோப்பை கைமாறியது. சிட்டி ஜெயிக்கும் என்று முன்கூட்டியே சொன்ன எல்லோருடைய கணிப்பும் பலித்தது. ஆனால், அது எவ்வளவு மெல்லிய நூலில் தொங்கியது! கணிப்பு பலித்தது என்பதாலேயே அது ‘ஷ்யூர்’ ஆகிவிடாது.

கணக்கு எப்படிப் போடுகிறார்கள்?

கால்பந்துக் கணிப்பின் அடிப்படை, பள்ளி, கல்லூரிப் பாடத்தில் பலரும் பார்த்திருக்கும் ‘பாய்சான்’ பரவல். ஒரு குறிப்பிட்ட நேரத்தில் அபூர்வமாக நடக்கும் ஒரு விஷயம் எத்தனை முறை நடக்கும் என்பதற்கான கணக்கு அது. கோலும் அபூர்வமாக விழுவதுதானே? 1997-ல் மார்க் டிக்சன், ஸ்டூவர்ட் கோல்ஸ் என்ற இரண்டு புள்ளியியலாளர்கள் இந்தக் கணக்கை மெருகேற்றினார்கள். 0-0, 1-1 போன்ற குறைந்த ஸ்கோர்களுக்குத் திருத்தம் செய்தார்கள். பழைய மேட்ச்களைவிடச் சமீபத்திய மேட்ச்களுக்கு அதிக எடை கொடுத்தார்கள். இன்றைய பல கணிப்பு மாடல்களுக்கு அந்தக் கட்டுரைதான் முன்னோடி.

ஓர் எளிய உதாரணம். சொந்த மைதானத்தில் ஆடும் அணி சராசரியாக 1.6 கோல் அடிக்கும், எதிரணி 1.1 கோல் அடிக்கும் என்று வைத்துக்கொள்வோம். பாய்சான் கணக்குப்படி:

• சொந்த மைதான அணி ஜெயிக்க வாய்ப்பு: சுமார் 49%
• டிரா ஆக: சுமார் 25%
• எதிரணி ஜெயிக்க: சுமார் 26%

தெளிவாகப் பலம் கூடிய அணிக்கே பாதி வாய்ப்புதான். இன்னொரு வேடிக்கையும் உண்டு. இந்த மேட்ச்சில் அதிகம் வாய்ப்புள்ள ஸ்கோர் எது என்று பார்த்தால், 1-1 வருகிறது. அதற்கான வாய்ப்போ வெறும் 12% அளவுதான். அதாவது, மிகச் சிறந்த கணிப்பைச் சொன்னாலும் எட்டில் ஏழு முறை ஸ்கோர் தப்பாகத்தான் போகும். குரூப்பில் “3-1, எழுதி வெச்சுக்கோ” என்று சொல்லி மாட்டிக்கொண்ட நண்பரை இனி கொஞ்சம் மன்னிக்கலாம்.

எதைக் கவனிக்கலாம்?

மேட்ச்சைக் கொஞ்சம் விவரத்தோடு பார்க்க நினைப்பவர்களுக்கு உதவும் விஷயங்கள் சில உண்டு.

முதலாவது, ‘எக்ஸ்ஜி’ எனப்படும் எதிர்பார்ப்பு கோல். ஒவ்வொரு ஷாட்டும் எந்த இடத்திலிருந்து, எந்தக் கோணத்தில் அடிக்கப்பட்டது என்பதை வைத்து, அது கோலாகும் வாய்ப்பை 0 முதல் 1 வரை மதிப்பிடுகிறார்கள். ஒரு பெனால்டியின் மதிப்பு 0.8-க்குச் சற்றுக் குறைவு. பாதி மைதானத்திலிருந்து அடிக்கும் ஷாட்டுக்கு ஏறக்குறைய பூஜ்ஜியம். ஓர் அணி தொடர்ந்து ஐந்து மேட்ச் ஜெயிக்கிறது, ஆனால் எக்ஸ்ஜியில் ஒவ்வொரு முறையும் எதிரணியைவிடக் கீழே இருக்கிறது என்றால், அந்த ஓட்டம் நீடிப்பது சந்தேகம். ஸ்கோர் நடந்ததைச் சொல்கிறது. இனி நடக்கப்போவதற்கு எக்ஸ்ஜி ஓரளவு நல்ல துப்பு.

இரண்டாவது, சொந்த மைதானம். வழக்கமாக அதில் ஆடும் அணிக்கு ஒரு கூடுதல் பலம் உண்டு. அதில் ரசிகர் கூட்டத்தின் பங்கு பெரிது என்பதைக் கொரோனா காலம் காட்டியது. ஏறக்குறைய காலி மைதானங்களில் நடந்த 2020-21 சீசனில் சொந்த மைதான வெற்றிகள் 144, வெளி மைதான வெற்றிகள் 153. இங்கிலாந்தின் முதல் டிவிஷன் வரலாற்றில் அப்படி நடந்தது அதுவே முதல்முறை.

மூன்றாவது, அட்டவணை. முதல் ஐந்தாறு வாரங்களின் புள்ளிப் பட்டியலை நம்பிக் கோட்டை கட்டக் கூடாது. யார் யாருடன் மோதியிருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். வார நடுவில் ஐரோப்பியக் கோப்பை மேட்ச் ஆடிவிட்டு வரும் அணியின் களைப்பும் கணக்கில் சேரும். 2024-25 சீசனில் டாட்டன்ஹாம் லீக்கில் 17-வது இடம், மான்செஸ்டர் யுனைடெட் 15-வது இடம். ஆனால், ஐரோப்பா லீக் இறுதிப்போட்டியில் மோதியது இந்த இரண்டு அணிகள்தான். 1-0 என வென்று கோப்பையோடு திரும்பியது டாட்டன்ஹாம். லீக் பட்டியலை மட்டும் பார்த்தவர் இதை எங்கே கணித்திருப்பார்?

‘100% ஷ்யூர்’ ரகசியம்

சரி, தொடர்ந்து மூன்று மேட்ச்களைச் சரியாகச் சொன்ன டெலிகிராம் ‘நிபுணர்’ எப்படி? அதற்குக் கால்பந்து அறிவே தேவையில்லை. 800 பேரை எடுத்துக்கொள்ளுங்கள். 400 பேருக்கு ‘இந்த அணி ஜெயிக்கும்’ என்றும், மீதி 400 பேருக்கு ‘ஜெயிக்காது’ என்றும் மெசேஜ் அனுப்பினால் போதும். மேட்ச் முடிந்ததும், தப்பான மெசேஜ் போன 400 பேரைக் கழற்றிவிட்டு, மீதிப் பேரை மறுபடியும் இரண்டாகப் பிரிக்கலாம். மூன்று மேட்ச் முடிந்ததும் 100 பேர் மிஞ்சுவார்கள். அவர்கள் பார்வையில் அந்த ஆள் ஒரு தடவைகூடத் தப்பாகச் சொல்லவில்லை. நான்காவது மேட்ச்சுக்கு அவர்களிடம்தான் ‘விஐபி கட்டணம்’ கேட்கப்படும்.

அடுத்த வலை, பல மேட்ச்களைக் கோத்துக் கட்டும் பந்தயம். ‘எல்லாமே பெரிய அணிகள்தானே, எப்படித் தோற்கும்?’ என்று தோன்றும். ஒவ்வொரு மேட்ச்சிலும் 60% வாய்ப்பு இருந்தாலும், ஐந்தும் ஒன்றாகப் பலிக்க வாய்ப்பு 8 சதவீதத்துக்கும் குறைவு. எட்டு மேட்ச் என்றால் 2 சதவீதத்தைக்கூடத் தொடாது.

இதற்கெல்லாம் மேலே, பந்தய நிறுவனங்களின் விகிதத்திலேயே அவர்களுடைய லாபம் சேர்ந்திருக்கிறது. உதாரணமாக, வெற்றிக்கு 2.00, டிராவுக்கு 3.60, தோல்விக்கு 3.60 என்று கொடுத்தால், அவற்றைச் சதவீதமாக மாற்றிக் கூட்டும்போது 100-க்குப் பதில் ஏறக்குறைய 105.6 வரும். அந்த அதிகப்படியான 5.6 நிறுவனத்தின் பக்கம். யார் ஜெயித்தாலும் நீண்ட காலத்தில் கல்லா அவர்களுடையதுதான். உலகில் இந்தக் கணக்கை முறியடித்தவர்கள் சிலர் இருக்கிறார்கள். பிரைட்டன் உரிமையாளர் டோனி புளூம், பிரென்ட்ஃபோர்ட் உரிமையாளர் மேத்யூ பென்ஹாம் இருவரும் பந்தயக் கணிப்பில் சம்பாதித்தவர்கள். ஆனால், அவர்களுக்குப் பின்னால் தரவுகளையே தின்று வாழும் பெரிய குழுக்கள் உண்டு. ஆபீஸ் முடிந்து வந்து போனைத் திறக்கும் ஒருவர் எதிர்த்து நிற்பது அப்படிப்பட்ட குழுக்களைத்தான்.

சட்டம் வந்துவிட்டது, சபலம்?

பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களைத் தடை செய்யும் மத்திய அரசின் சட்டம் 2025 ஆகஸ்ட் 22-ல் குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்றது. அத்தகைய ஆட்டத்தை நடத்தினால் 3 ஆண்டுகள் வரை சிறை, 1 கோடி ரூபாய் வரை அபராதம். விளம்பரம் செய்தாலும் தண்டனை உண்டு. ஆன்லைன் சூதாட்டத்துக்கு எதிராகத் தமிழ்நாடு தனிச் சட்டமே வைத்திருக்கிறது. இங்கிலாந்திலும் 2025-26 சீசனுக்குப் பிறகு ஜெர்சியின் முன்பக்கத்தில் சூதாட்ட நிறுவனங்களின் பெயர் இருக்காது என்று பிரீமியர் லீக் கிளப்கள் 2023-ல் ஒப்புக்கொண்டன.

இவை வரவேற்க வேண்டியவை. ஆனால், ஓர் ஆப் மூடப்பட்டால் வெளிநாட்டு இணையதளம் ஒன்று கதவைத் திறந்து வைத்திருக்கிறது. தெரியாத யுபிஐ ஐடிக்குப் போன பணத்தைக் கேட்டுப் புகார் கொடுக்கவும் பலர் கூச்சப்படுகிறார்கள். முதல் சம்பளத்தில் ஒரு பகுதி, பிறகு லோன் ஆப் என்று இந்தப் பாதை போகும் இடம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். சட்டத்தால் கதவை அடைக்க முடியும். ‘ஷ்யூர்’ என்ற சொல்லைக் கேட்டதும் சிரிக்கப் பழகுவது ரசிகரின் கையில்தான் இருக்கிறது.

கணிப்பைக் கைவிட வேண்டுமா?

வேண்டவே வேண்டாம். கணிப்பு இல்லாத கால்பந்து உப்பில்லாத சாப்பாடு. ஃபேன்டசி பிரீமியர் லீக் போன்ற, நுழைவுக் கட்டணமே இல்லாத அதிகாரபூர்வ விளையாட்டை உலகம் முழுவதும் 1 கோடிக்கும் அதிகமானோர் ஆடுகிறார்கள். நண்பர்களுக்குள் ஒரு லீக் தொடங்கி, தோற்றவர் பிரியாணி வாங்கித் தரட்டும்.

சொல்லும் விதத்தை மட்டும் கொஞ்சம் மாற்றலாம். “சிட்டிதான் ஜெயிக்கும்” என்பதற்குப் பதிலாக “சிட்டி ஜெயிக்க 60%” என்று மேட்ச்சுக்கு முன்பே போனில் குறித்து வையுங்கள். சீசன் முடிவில் எடுத்துப் பாருங்கள். 60% என்று சொன்ன மேட்ச்களில் பத்துக்கு ஆறு பலித்திருந்தால், உங்கள் கணிப்பு நல்ல கணிப்பு. மீதி நாலு தப்பானதில் அவமானம் எதுவும் இல்லை. பத்துக்குப் பத்து என்று சொல்லிக்கொண்டு ஒருவர் வந்தால், அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும்: அவ்வளவு ஷ்யூர் என்றால், உங்களுக்கு எதற்கு என் 500 ரூபாய்?