விடாமுயற்சி என்னும் அறிவுரை

வேலை தேடி அலைகிறவர்களுக்கு நம் சமூகம் தாராளமாக வழங்குவது அறிவுரை ஒன்றைத்தான். பொருளாதாரம் தளர்ந்த காலங்களில் அதன் வரத்து இன்னும் பெருகுகிறது. ‘விடாமல் முயன்றுகொண்டே இரு’ என்று சொல்லாத மாமா கிடையாது. சுயமுன்னேற்ற நூல்களோ அந்த ஒரு வாக்கியத்தையே இருநூறு பக்கங்களுக்கு இழுத்துவிடுகின்றன. விடாமுயற்சி வேண்டாம் என்பதல்ல எங்கள் கட்சி. அது எதனால் நிற்கிறது, எதனால் சரிகிறது என்று கேளாமலே அதைப் போதிப்பதுதான் உறுத்துகிறது.

அமெரிக்காவில் 2009ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் ஒரு காலியிடத்துக்கு ஆறு பேருக்கு மேல் வேலையற்றோர் இருந்தனர். அறுவரும் ஒரே உறுதியோடு முயன்றாலும் ஐவர் வெறுங்கையோடுதான் வீடு திரும்ப வேண்டும். அந்த ஐவரின் மனத்திண்மையில் ஓட்டை தேடுவது என்ன நியாயம்? அடுத்த சில ஆண்டுகளில் அங்கே ஆய்வாளர்கள் கற்பனையான விண்ணப்பங்களைத் தயாரித்து நிறுவனங்களுக்கு அனுப்பிப் பார்த்தார்கள். தகுதிகள் ஒத்திருந்தும், நெடுநாள் வேலையின்றி இருந்ததாகக் காட்டிய விண்ணப்பங்களுக்கு அழைப்பு குறைவாகவே வந்தது. தளராமல் காத்திருந்ததே தகுதிக் குறைவாகிவிடுகிறது!

ஆஸ்திரியாவில் வியன்னாவுக்கு அருகே மரியந்தால் என்றோர் ஆலைக் கிராமம். உலகப் பெருமந்தம் தொடங்கியபோது அதன் நெசவாலை மூடப்பட்டு, ஊரில் பெரும்பாலான குடும்பங்கள் வேலை இழந்தன. மரீ யஹோதா, பால் லாசர்ஸ்ஃபெல்ட், ஹான்ஸ் சைசல் ஆகியோர் அங்கே ஆராய்ந்து 1933இல் வெளியிட்ட நூலை இலக்கிய வாசகர்கள் அவசியம் படிக்க வேண்டும். ஓய்வு கிடைத்தால் மனிதர்கள் நிறையப் படிப்பார்கள் என்று நாமெல்லாம் நம்புகிறோம் அல்லவா? மரியந்தாலில் நூலகம் கட்டணத்தை நீக்கியும், 1929க்கும் 1931க்கும் இடையில் நூல் இரவல் ஏறக்குறையப் பாதியாகச் சரிந்தது. ஆண்களின் நடை தளர்ந்தது; தெருவில் நின்று நின்று போனார்கள். கடிகாரம் கட்டும் வழக்கமே பெரும்பாலோரிடம் அற்றுப்போயிற்று. வீட்டுவேலை ஓயாத பெண்களின் நடையோ அவ்வளவு தளரவில்லை. நாள் உருக்குலைந்தால் மனிதன் உருக்குலைகிறான். முயற்சி என்பது நெஞ்சில் மட்டும் ஊறுவதல்ல. காலையில் எழுந்து போவதற்கு ஓரிடமும், போய்வரப் பேருந்துக் காசும் அதற்கு வேண்டியிருக்கின்றன.

இங்கே வள்ளுவரைத் துணைக்கழைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்கலாம். ஊக்கமுடைமை, மடியின்மை, ஆள்வினையுடைமை, இடுக்கணழியாமை ஆகிய நான்கு அதிகாரங்களும் அடுத்தடுத்து நிற்பது பொருட்பாலின் அரசியல் பகுதியில். ‘இறைமாட்சி’யில் தொடங்கும் பகுதி அது. முயற்சியை முதலில் ஆள்பவரிடம் கேட்க வேண்டும் என்று அந்த வைப்புமுறையைக் கொண்டு நாங்கள் வாதிட்டால், புலவர் பெருமக்கள் மன்னிப்பார்களாக.

நம் ஊர்ப் பொது நூலகங்களில் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் இளைஞர்களைப் பலரும் கண்டிருப்பீர்கள். கதவு திறக்கும் முன்பே வாசலில் நிற்கிறார்கள். ஒருவரின் குறிப்பேடு நால்வரிடம் சுற்றுகிறது. தேநீர்க் காசை முறைவைத்துக் கொடுக்கிறார்கள். நாவல் அடுக்கின் பக்கம் திரும்பாமல் பொது அறிவுக் கையேட்டையே புரட்டுகிறார்களே என்று நம்மவர்கள் முகம் சுளிப்பதுண்டு. சுளிக்க வேண்டியதில்லை. தேர்வில் வெல்பவர் சிலரே என்றாலும், மரியந்தால் ஆண்கள் இழந்துவிட்ட கடிகாரத்தை அந்த வாசிப்பறை அவர்களுக்குக் கட்டிவிடுகிறது. அதன் மின்விசிறிகள் சுழல்வதும், ஞாயிறன்றும் அது திறந்திருப்பதும் ஆயிரம் ஊக்க உரைகளைவிட மேல் என்போம்.

நிறுவனங்களிடம் நாங்கள் கேட்பது அதிகமில்லை. ‘உங்களைத் தேர்ந்தெடுக்கவில்லை’ என்று இரண்டு வரி எழுதுங்கள். பதிலே வராத விண்ணப்பத்தை மனம் மாதக்கணக்கில் சுமக்கிறது. மறுப்பு வந்துவிட்டால் அடுத்ததை எழுத உட்காரலாம். உறவினர்களிடமும் ஒரு கோரிக்கை: கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரரிடம் ‘இன்னும் ஒன்றும் அமையவில்லையா?’ என்று கேட்காதீர்கள். எந்த அலுவலகத்தில் ஆள் எடுக்கிறார்கள் என்று தெரிந்தால் மட்டும் சொல்லுங்கள். தெரியாவிட்டால் பாயசத்தைப் பற்றிப் பேசலாம்.