கம்பெனி கார் யாருக்கு? தொப்பூர் இறக்கம் கேட்கும் கேள்வி

வணிகப் பெருமக்களில் பலர் இப்போது கடையின் பெயரில் தனியாக ஒரு கார் வாங்குகிறார்கள். வசூல், கொள்முதல், வங்கி, வெளியூர் ஆர்டர் என்று வேலை பெருகிவிட்ட காலத்தில் இதை ஆடம்பரம் என்று சொல்வதற்கில்லை. ஆனால் அந்தக் காரை ஓட்டப்போகிறவர் யார்? படிப்பை முடித்துக் கல்லாவில் உட்காரத் தொடங்கியிருக்கும் மகனோ மகளோ. இல்லையென்றால் புதிதாகச் சேர்ந்த விற்பனைப் பிரதிநிதி. லைசென்ஸ் கைக்கு வந்து மூன்று மாதம்கூட ஆகியிருக்காது. வண்டியைத் தேர்ந்தெடுப்பவர் முதலாளி, ஓட்டுகிறவர் புதியவர். கோளாறு இங்கேதான் ஆரம்பமாகிறது.

தருமபுரி, நல்லம்பள்ளி, பாலக்கோடு வட்டாரத்து வியாபாரிகளுக்கு மொத்தக் கொள்முதல் என்றால் சேலம்தான். செவ்வாய்ப்பேட்டைக்கும் லீ பஜாருக்கும் போகாத மளிகைக் கடைக்காரர் நம்மில் அபூர்வம். போகிற வழியில் தொப்பூர் கணவாயை இறங்கியே தீரவேண்டும். முன்பு 7 என்றும் இப்போது 44 என்றும் எண்ணிடப்பட்டுள்ள அந்தத் தேசிய நெடுஞ்சாலையில், வடநாட்டிலிருந்து தெற்கே வரும் கனரக லாரிகள் எல்லாம் அதே இறக்கத்தில்தான் வருகின்றன.

அங்கே நடந்ததை நாடே பார்த்தது. 2020 டிசம்பர் 12 அன்று சிமெண்ட் ஏற்றி வந்த லாரி ஒன்று, ஏற்கெனவே நெரிசலில் நின்றிருந்த பத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் மீது மோதியது. நான்கு உயிர்கள் போயின. 2024 ஜனவரி 24 அன்று லாரிகளும் கார்களும் ஒன்றன்மேல் ஒன்று மோதிக்கொண்டதில் மீண்டும் நான்கு பேர் இறந்தார்கள். இரண்டிலும் பின்னால் வந்த பாரம்தான் எமனாயிற்று. முன்னால் இருந்த கார்காரர் எந்தத் தப்பும் செய்திருக்க வேண்டும் என்பதில்லை. இந்தச் சாலையில் புதியவர் ஒருவரை அனுப்புகிறோம் என்றால், எந்த வண்டியில், எந்தப் பழக்கத்தோடு அனுப்புகிறோம் என்பதை நாம் யோசிக்க வேண்டாமா?

நம்மவர்கள் கம்பெனி கார் வாங்கும் முறையைக் கவனித்தால் மூன்று வகை தெரிகிறது.

முதல் வகை, கௌரவத்துக்கு வாங்குவது. எதிர்க்கடைக்காரர் வைத்திருப்பதைவிட ஒரு சாண் நீளமாக இருக்கவேண்டும் என்று பெரிய வண்டியாக எடுப்பார்கள். பெரிய வண்டிக்கு அகலமும் எடையும் அதிகம். முன்மூக்கு எங்கே முடிகிறது என்றே புதியவருக்குப் பிடிபடாது. பயத்தில் பாதி ரோட்டை அடைத்துக்கொண்டு ஓட்டுவார். அல்லது வண்டியின் வேகத்தில் மயங்கிவிடுவார்.

இரண்டாவது வகை, சிக்கனம். "பழகட்டும், பிறகு புதுசு வாங்கலாம்" என்று வீட்டில் கிடக்கும் பழைய காரைக் கொடுப்பது. தெருவில் பழக அது போதும். ஆனால் சறுக்காமல் பிரேக் பிடிக்க உதவும் ஏ.பி.எஸ். வசதி எல்லாக் கார்களுக்கும் கட்டாயமானது 2019 ஏப்ரலில்தான். ஓட்டுபவருக்கான காற்றுப்பை கட்டாயமானது அதே ஆண்டு ஜூலையில். அதற்கு முந்திய மலிவு வண்டிகள் பலவற்றில் இரண்டுமே கிடையாது. அனுபவம் குறைந்தவருக்குப் பாதுகாப்பும் குறைந்த வண்டி என்பது தலைகீழான சிக்கனம்.

மூன்றாவது வகை, வரிக்கணக்கு. மார்ச் மாதம் வந்தால் "காரை கம்பெனி பேரில் போடுங்கள், வரி மிச்சம்" என்று யோசனை சொல்ல நாலு பேர் வந்துவிடுவார்கள். கணக்கைப் போட்டுப் பார்ப்போம். சொந்த உபயோகக் காருக்கு ஆண்டுத் தேய்மானம் 15 சதவீதம். அந்த ஆண்டில் 180 நாளுக்குக் குறைவாக உபயோகித்தால் அதில் பாதிதான். 10 லட்ச ரூபாய்க் காருக்கு 75 ஆயிரம் கழிவு; 30 சதவீத வரி கட்டும் கூட்டு நிறுவனத்துக்கு மிச்சம் சுமார் 22,500 ரூபாய். ஜி.எஸ்.டி.யைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்பதும் பொதுவாக நடக்காத காரியம். ஓட்டுநரையும் சேர்த்து 13 பேர் வரை அமரும் வண்டிக்கு, வாடகைக்கு ஓட்டுவோர், கார் விற்போர், ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியினர் போன்றவர்களைத் தவிர, உள்ளீட்டு வரி வரவு கிடையாது. இந்த 22,500 ரூபாய்க்காக அவசரப்பட்டு, ஷோரூமில் கைவசம் நிற்கிற வண்டியைத் தள்ளிக்கொண்டு வருவது வியாபாரிக்கு அழகல்ல.

கம்பெனி பெயரில் எடுக்கும்போது இன்னொரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. தனிநபர் பெயரில் கார் இருந்தால், உரிமையாளரே ஓட்டும்போது உயிரிழப்பு ஏற்பட்டால் 15 லட்ச ரூபாய் விபத்துக் காப்பு இன்ஷூரன்ஸில் உண்டு. கார் கூட்டு நிறுவனம் அல்லது கம்பெனியின் பெயரில் இருந்தால் இந்தக் காப்பு பொருந்தாது. ஓட்டுகிறவர் பங்குதாரரின் மகனாகவே இருந்தாலும் அவருக்கென்று தனியாக எடுத்தால்தான் உண்டு. பாலிசியை வாங்கி மடித்து பீரோவில் வைக்குமுன் இதைக் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள்.

சரி, எந்த மாதிரி வண்டி? கம்பெனிப் பெயரை நாம் சொல்லப்போவதில்லை. பார்க்கவேண்டியதை மட்டும் சொல்கிறோம். நான்கு மீட்டருக்குள் அடங்கும் வண்டி புதியவர் கைக்கு இதமானது. 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய கார்களுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. அந்த மிச்சத்தை அலங்காரச் சக்கரத்துக்கும் சீட் கவருக்கும் கொடுக்காமல், கூடுதல் காற்றுப்பையும் வண்டி தடம் மாறாமல் பிடிக்கும் இ.எஸ்.சி.யும் உள்ள ரகத்துக்குக் கொடுங்கள். 2023 அக்டோபர் முதல் பாரத் என்கேப் என்ற பெயரில் நம் நாட்டிலேயே கார்களை மோதவைத்துச் சோதித்து நட்சத்திரம் வழங்குகிறார்கள். மைலேஜ் கேட்கிற அதே வாயால் எத்தனை நட்சத்திரம் என்றும் கேட்க வேண்டும். இரண்டு லாரிகளுக்கு நடுவே சிக்கினால் எந்தச் சிறிய காரும் தாங்காது என்பதும் உண்மை. எனவே பின்னால் வருவதைத் தெளிவாகக் காட்டும் கண்ணாடிகளும் பெரிய பின்ஜன்னலும் தொப்பூரில் காற்றுப்பைக்குச் சமமானவை.

கியர் விஷயத்தில் குழப்பம் அதிகம். "எந்த கியரில் ஏறுவாயோ அந்த கியரில் இறங்கு" என்பது பழைய டிரைவர்கள் சொல்லும் பாடம். தாழ்ந்த கியரில் இறங்கினால் இன்ஜினே வண்டியை இழுத்துப் பிடிக்கும். பிரேக்கை மட்டும் நம்பி மிதித்துக்கொண்டே போனால் அது சூடேறிப் பிடிப்பை இழக்கும். கிளட்ச் இல்லாத தானியங்கி வண்டி புதியவருக்கு ஊருக்குள் பெரிய உதவிதான். ஆனால் இறக்கத்தில் அது தானாக மேல் கியருக்குப் போய்விடலாம். கையால் கியரைக் குறைத்து நிறுத்தும் வசதி அதில் இருக்கிறதா என்று பார்த்து, அதை உபயோகிக்கவும் கற்றுக்கொள்ள வேண்டும். மின்சாரக் காரில் இறங்கும்போது மோட்டாரே வேகத்தைத் தடுத்து மின்சாரமாக்கும். ஆனால் பேட்டரி முழுதும் நிறைந்திருந்தால் அந்தத் தடுப்பு குறைந்துவிடும். டீசலோ பெட்ரோலோ மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விடுவது எல்லாவற்றையும்விட ஆபத்து. அதில் மிச்சமும் இல்லை. இன்றைய இன்ஜின்களில் கியரில் இருக்கும்போது ஆக்சிலேட்டரை விட்டால் எரிபொருள் நின்றுவிடும். நியூட்ரலில்தான் அது செலவாகிக்கொண்டே இருக்கும்.

இதை நம் சரக்கு லாரிக்காரர்களுக்கும் சொல்ல வேண்டியவர்கள் நாம்தான். வாடகையில் ஐநூறு ஆயிரம் குறைத்துப் பேசி, விடியுமுன் சரக்கு இறங்கவேண்டும் என்று நெருக்கினால், அந்த நெருக்கடி கடைசியில் இறக்கத்தில் நம் பிள்ளையின் காருக்குப் பின்னால் வந்து நிற்கும்.

லைசென்ஸ் என்பது அனுமதி மட்டுமே. பழகுநர் உரிமம் பெற்று 30 நாள் கழிந்தால் தேர்வுக்குப் போகலாம். தேறிவிட்டால் மறுநாளே கணவாயில் ஓட்டத் தடையில்லை. சிங்கப்பூரில் புதிதாகத் தேறியவர் ஓராண்டுக்கு அதற்கான அடையாளத்தைக் காரில் ஒட்டியே ஓட்ட வேண்டும். பிரிட்டனில் முதல் இரண்டு ஆண்டுகளில் ஆறு குற்றப்புள்ளி சேர்ந்தால் உரிமமே பறிபோகும். நம் நாட்டில் கார் ஓட்டுபவருக்கு அப்படியொரு தகுதிகாண் காலம் இல்லை. கார் லைசென்ஸ் வைத்திருப்பவர் 7,500 கிலோ வரையுள்ள சரக்கு வண்டியையும் ஓட்டலாம் என்று 2024 நவம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. சட்டம் இடம் தருகிறது என்பதற்காக, நேற்றுத் தேறியவரிடம் இன்று லோடு வண்டிச் சாவியைக் கொடுக்கலாமா?

சட்டத்தில் இல்லாததை நம் கடையில் நாமே வைத்துக்கொள்ளலாம். சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் உறுப்பினர்கள் பரிசீலிக்க நாம் வைக்கும் யோசனை இதுதான். புதியவர் முதல் பத்து முறை தொப்பூரை இறங்கும்போது அனுபவசாலி ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும். முதல் ஆறு மாதம் இரவில் அந்த இறக்கம் வேண்டாம். பாரம் ஏற்றிய லாரிக்கு நேர் முன்னால் தொடர்ந்து போகாமல், இடம் பார்த்து வழிவிடப் பழகட்டும். காரை வாங்குமுன், ஷோரூம் தெருவில் ஒரு சுற்றோடு நிறுத்தாமல், அனுபவசாலி ஓட்ட, புதியவர் பக்கத்தில் அமர, கணவாய் வரை ஒருமுறை போய்வாருங்கள். வசதிப்படாது என்று விற்பவர் சொன்னால் வேறு விற்பவரைப் பாருங்கள். பிறகு எந்த வண்டி என்ற முடிவை, அதை ஓட்டப்போகிற பிள்ளையையும் அருகில் வைத்துக்கொண்டு எடுங்கள்.