நாளைய உலகில் ஓலைத்தொடுவாய் எங்கே?

தொலைதூர எதிர்காலத்தில் மனிதனின் அன்றாட வாழ்வு எவ்வாறு அமையும் என எழுதுவோர் தொகை பெருகிவருகின்றது. அவர்கள் தீட்டும் ஓவியங்களில் உடலுழைப்பை மறந்த மனிதனும், அடுப்பற்ற வீடும், நோயற்ற முதுமையும் தவறாது இடம்பெறுகின்றன. தவறாது விடுபடுவதும் ஒன்றுண்டு. அந்த வீட்டின் விளக்குக்கான மின்வலு எவருடைய கரையில் பிறந்தது? அதன் சுவர்களுக்கு வெண்மை தந்த கனிமம் எவருடைய காலடி மண்ணிலிருந்து அகழப்பட்டது? இவற்றுக்கு விடை கூறாத எதிர்காலம், நகரத்து வசதி படைத்தோரின் பகற்கனவேயாகும்.

இலங்கையைத் தம் இல்லமாகக் கொண்ட ஆதர் சி. கிளார்க் 1979இல் வெளியிட்ட நாவலொன்று இதற்குத் தக்க சான்று. பூமியிலிருந்து விண்வெளிக்குச் செல்லும் மாபெரும் உயர்த்தி ஒன்றை அந்நாவல் இத்தீவில் நிறுவுகின்றது. அதன் பொருட்டு ஆசிரியர் இத்தீவையே சுமார் 800 கிலோமீற்றர் தெற்கே, பூமத்திய ரேகைக்கு நகர்த்திவிடுகின்றார். உயர்த்திக்குரிய மலையில் மடம் ஒன்று இருக்கின்றது. துறவிகள் வெளியேற மறுக்கின்றனர். பின்னர் வண்ணத்துப்பூச்சிகள் மலையுச்சியை அடைகின்றன. பழைய வாக்கு பலித்ததென்று கொண்டு துறவிகள் தாமே நீங்குகின்றனர். எதிர்காலத்துக்கு இடம் கிடைத்துவிடுகின்றது! ஆற்றல் மிக்க அறிவியற் புனைவாசிரியரின் கற்பனைகூட, மண்ணுக்குரியவன் இசையாதபோது அவனை அகற்ற ஓர் அற்புதத்தையே நாடியது.

மன்னார்த் தீவுக்கு வண்ணத்துப்பூச்சிகள் வரவில்லை, பாரவூர்திகளே வந்தன. தீவின் தென்கரையோரம் 30 காற்றாலைகளைக் கொண்ட ‘தம்பபவனி’ மின்னிலையம் 2020 டிசம்பரில் திறந்துவைக்கப்பட்டது. அதன் கொள்ளளவு 103.5 மெகாவாற்று. ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனுதவியால் எழுந்த அந்நிலையத்தின் மின்சாரம் தேசிய மின்வலையமைப்பைச் சென்றடைகின்றது. வெண்பூச்சுத் தயாரிப்புக்கு வேண்டிய தைத்தேனியம் அடங்கிய இல்மனைற்று மணலுக்காகவும் தீவின் நிலம் துளையிட்டு ஆராயப்பட்டது. 2025 ஓகஸ்ட் முதல் புதிய காற்றாலைகளுக்கும் கனிய மணல் அகழ்வுக்கும் எதிராக மன்னார் மக்கள் தொடர் போராட்டத்தில் இறங்கினர். வெள்ளம் வடிந்தோடும் வழிகள் அடைபட்டன என்றும் மீன்பாடு குறைந்தது என்றும் அவர்கள் முறையிட்டனர்.

இக்கரைக்கு எதிர்காலம் வாக்களிக்கப்படுவது இது முதன்முறையன்று. மன்னார்க் குடாவின் முத்துக்குளிப்பு 1906இல் ஒரு கம்பனிக்கு 20 ஆண்டுக் குத்தகையாக வழங்கப்பட்டது. சில ஆண்டுகளிலேயே முத்தும் அற்றது, கம்பனியும் கலைந்தது. கடலோடு எஞ்சி நின்றவர் கரையோர மக்களே.

காற்றாலையை எதிர்ப்போர் முன்னேற்றத்தின் பகைவர் என ஒரு சாரார் கூறுவர். இக்கூற்றில் ஓர் உண்மைத் துகள் உண்டு. அதை மறைத்தல் நேர்மையன்று. மன்னார் தாழ்ந்த மணல் தீவு. புவி வெப்பம் 1.5 பாகை செல்சியசுக்குள் அடங்கினாலும் வரும் 2000 ஆண்டுகளில் கடல்மட்டம் 2 முதல் 3 மீற்றர் வரை உயரும் என்றும், 5 பாகையை எட்டினால் 19 முதல் 22 மீற்றர் வரை உயரும் என்றும் காலநிலை மாற்றம் குறித்த ஐக்கிய நாடுகளின் அறிவியற்குழு 2021இல் மதிப்பிட்டது. நிலக்கரியைக் கைவிடாத உலகில் ஓலைத்தொடுவாயே இராது. ஆகவே காற்றின் மின்வலு இத்தீவுக்கும் தேவையானதே.

ஆயினும், தேவை என்ற ஒரு சொல்லால் உரிமை அனைத்தும் பறிபோய்விடுமா? எத்தனை கோபுரங்கள், கரைவலைப்பாட்டிலிருந்து எவ்வளவு தொலைவில், எந்த நீர்வழியைத் தவிர்த்து, எவருக்கு எவ்வளவு பயன் என்ற வினாக்கள் பொறியியலாளர் மட்டும் தீர்க்கவேண்டிய கணக்குகள் அல்ல. தீவைக் காக்கும் பெயரால் தீவாரை விலக்கிவைப்பது, நோயாளியை வெளியேற்றிவிட்டு மருத்துவமனையைப் பாதுகாப்பதற்கு ஒப்பாகும்.

பல்கலைக்கழக மேடைகளில் ‘இயந்திரம் மனிதனை ஆளுமா?’ என்று வாதிடுவோர் இதனைச் சிந்தித்தல் வேண்டும். மனிதனை ஆள்வது இயந்திரமா என்பது நாளைய ஐயம். இயந்திரத்தை எங்கே நாட்டுவது என்று முடிவுசெய்யும் மனிதர், அதன் நிழலில் வாழும் மனிதரைக் கேட்கிறார்களா என்பது இன்றைய வழக்கு. இவ்வழக்கில் வழங்கப்படும் தீர்ப்பே நாளைய அன்றாட வாழ்வின் அடித்தளமாகும். திட்ட அறிக்கைகள் தமிழில் ஊர்ச்சபையின் முன் வாசிக்கப்படட்டும். மறுக்கும் உரிமை மெய்யான உரிமையாகட்டும். மின்சாரத்தின் வருவாயில் ஒரு பங்கு அது பிறந்த கரைக்கே திரும்பட்டும்.

ஆயிரமாண்டுகளுக்கு அப்பால் மனிதன் எதை உண்பான், எதில் பறப்பான் என்று வருணிப்பது எளிது. அந்நாளிலும் ஓலைத்தொடுவாயில் ஒருவன் வலை உலர்த்துவானா, தன் கரையைப் பற்றிய முடிவில் அவன் சொல் ஏறுமா என்று கேட்பதே கடினம். அக்கேள்விக்கு இடமளிக்காத எந்த எதிர்காலமும், எத்துணை ஒளி வீசினும், பழைய குத்தகையின் புதிய பிரதியே.