'ஏலே'யை விட்டு 'ஏட்டி' என்றால் என்ன குறைந்துவிடும்?

"பெற்றோர் கண்டித்ததால் மாணவர் வீட்டை விட்டு ஓட்டம். போலீசார் தேடி வருகிறார்கள்." நெல்லைச் செய்திகளில் அடிக்கடி வரும் வரிதான் இது.

என்ன கண்டிப்பு என்று யாரும் விளக்குவது இல்லை. சில வீடுகளில் நடந்தது இவ்வளவுதான்: "அம்மா, நான் பையன் இல்லை, பொம்பளைப்பிள்ளை" என்று பிள்ளை வாய் திறந்து சொல்லியிருக்கும். உடனே அடி, உதை, மந்திரிப்பு. கடைசியில் ஜங்ஷனில் கிடைத்த ரெயில்!

திருநங்கையை வீட்டை விட்டு விரட்டினால் 6 மாதம் முதல் 2 ஆண்டு வரை ஜெயில் என்று 2019-ம் ஆண்டு மத்திய சட்டம் சொன்னது. பெற்ற தகப்பனுக்கு என்று அதில் தனி விலக்கு எழுதவில்லை.

அதே ஆண்டு ஏப்ரலில் தூத்துக்குடி ஜோடி ஒன்றின் வழக்கில், 'மணமகள்' என்ற சொல் திருநங்கைக்கும் பொருந்தும் என்று ஐகோர்ட்டு மதுரைக் கிளை தீர்ப்பளித்தது. ஆணா பெண்ணா என்று தெளிவில்லாமல் குழந்தை பிறந்தால் பெற்றோர் வெட்கப்பட ஒன்றுமில்லை என்றும் நீதிபதி ஜி.ஆர்.சுவாமிநாதன் எழுதினார்.

"ஊர் என்ன பேசும்?" என்பார்கள். பேசத்தான் செய்யும். நாலு நாள் டீக்கடையில் பேசும். அப்புறம் வேறே கதை கிடைத்துவிடும் (பத்திரிகைக்காரர்கள் எங்களுக்கும்தான்). ரெயில் ஏறிய பிள்ளைக்கு ராத்திரிச் சோறு எந்த ஊரில் என்பதே தெரியாது.

"ஏலே" என்ற வாயால் "ஏட்டி, சாப்பிட வா" என்று கூப்பிட்ட தாய்மாரும் இந்தத் தாமிரபரணிக் கரையில் இருக்கத்தான் செய்கிறார்கள்.

இன்னொன்று. அடையாளச் சான்று கேட்டுக் கலெக்டரிடம் மனுப் போட, 18 வயது ஆகாத பிள்ளைக்குப் பெற்றவரோ பாதுகாவலரோதான் வர வேண்டும் என்று அந்தச் சட்டம் வைத்தது. பிள்ளையை விரட்டிவிட்டால் கொக்கிரகுளத்துக்கு யார் கூட வருவது?