விஷவாயுவுக்கு மருந்து இல்லையாம்... யார் சொன்னது?

குளோரின் வாயுவைச் சுவாசித்தவருக்கு என்ன சிகிச்சை? எந்த மருத்துவப் புத்தகத்தைப் புரட்டினாலும் பதில் ஏறக்குறைய ஒன்றுதான். நல்ல காற்றுக்குக் கொண்டுபோ, ஆக்சிஜன் கொடு, மூச்சுக்குழாய் விரிய மருந்து கொடு, மோசமானால் வென்டிலேட்டரில் போடு. அப்புறம்? காத்திரு. அவ்வளவுதான். "தனி முறிமருந்து கிடையாது" என்று ஒரு வரி எழுதிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுவார்கள்.

ஈப்ரே போர்முனையில் ஜெர்மானியர்கள் குளோரினைத் திறந்துவிட்டது 1915 ஏப்ரல் 22. நூறு வருஷம் தாண்டியாச்சு. இன்னும் காத்திரு என்பதுதான் பதில் என்றால் எங்கோ தப்பு நடக்கிறது. என்னைக் கேட்டால் தேடிய இடமே தப்பு.

முறிமருந்து என்றால் விஷத்தைப் பிடித்து முறிப்பது. பாம்புக்கடிக்கு அது சரி, விஷம் இரத்தத்தில் சுற்றிக்கொண்டிருக்கிறது. ஆனால் குளோரின்? மூச்சுப்பாதையின் ஈரத்தில் பட்ட மாத்திரத்தில் ஹைட்ரோகுளோரிக் அமிலமாகவும் ஹைப்போகுளோரஸ் அமிலமாகவும் மாறித் தன் வேலையை முடித்துவிடுகிறது. ஆம்புலன்ஸ் வரும்போது முறிப்பதற்கு அங்கே எதுவும் மிச்சமில்லை. பாஸ்ஜீன் இன்னும் வஞ்சகம். ஆள் நன்றாகப் பேசிக்கொண்டிருப்பார். பல மணி நேரம் கழித்து, சில சமயம் ஒரு நாள்கூடக் கழித்து, நுரையீரலில் நீர் கோத்து மூச்சு முட்டும். வாயு எப்போதோ போய்விட்டது. கொல்வது அது கிளப்பிவிட்ட நுரையீரலின் எதிர்வினை.

அப்படியென்றால் பிடிக்கவேண்டியது அந்த எதிர்வினையைத்தானே?

இங்கேதான் அயனிக் கால்வாய்கள் வருகின்றன. செல்லின் சவ்வில் இருக்கும் சின்னச் சின்ன புரதக் கதவுகள் இவை. டிஆர்பிவி4 என்று ஒரு கதவு. நுரையீரலின் நுண்ணிய இரத்தக்குழாய்களை உள்ளே போர்த்தியிருக்கும் செல்களில் இருக்கிறது. அது திறந்தால் கால்சியம் உள்ளே பாயும், செல்களுக்கு இடையே விரிசல் விடும், இரத்தத்தின் நீர்ப்பகுதி காற்றறைகளுக்குள் கசியும். அழற்சி செல்களிலும் இதே கதவு உண்டு, நெருப்பை விசிறிவிடும். இன்னொன்று டிஆர்பிஏ1, உணர்வு நரம்புகளில் இருப்பது. எரிச்சல், இருமல், கண்ணீர் எல்லாம் இதன் கைங்கரியம்.

ஆக, கதவை மூடினால்? 2014-ல் அமெரிக்கப் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் கிளாக்சோ நிறுவனத்தாரும் எலிகளில் அதைச் செய்து பார்த்தார்கள். அமிலமும் குளோரினும் தாக்கிய எலிகளுக்கு டிஆர்பிவி4-ஐ அடைக்கும் மருந்தைக் கொடுத்தபோது நீர்க்கோவையும் அழற்சியும் குறைந்தன, இரத்தத்தில் ஆக்சிஜன் அளவு மேம்பட்டது. முக்கியமான விஷயம், காயத்துக்குப் பிறகு கொடுத்தும் பலன் தெரிந்தது. விபத்து நடக்கும் முன்னால் யாரும் மருந்து சாப்பிட்டுவிட்டு நிற்கப்போவதில்லை அல்லவா!

போபாலையும் இங்கே சொல்லியாகவேண்டும். 1984 டிசம்பர் 2-3 இரவு மீத்தைல் ஐசோசயனேட் கசிந்தபோது, 'கண்ணீர்ப்புகை மாதிரிதான், கண்ணைக் கழுவுங்கள்' என்கிற ரீதியில் கம்பெனித் தரப்பிலிருந்து பதில் வந்தது பதிவான செய்தி. 2009-ல் வந்த ஓர் ஆய்வு என்ன காட்டியது தெரியுமா? ஐசோசயனேட்டும் கண்ணீர்ப்புகையும் திறப்பது ஒரே டிஆர்பிஏ1 கதவைத்தான். கொடுமையான ஒற்றுமை. கதவு ஒன்றாக இருந்து என்ன, உள்ளே புகுந்தது ஒன்றா? அலட்சியத்துக்குச் சொன்ன சமாதானத்தை அறிவியல் நியாயப்படுத்தவில்லை. சிகிச்சைக்கு ஓர் இலக்கைத்தான் காட்டிக்கொடுத்திருக்கிறது.

"எலிக்குச் சரியானதெல்லாம் மனிதனுக்குச் சரியாகுமா?" நியாயமான கேள்வி. நிறைய மருந்துகள் எலியோடு நின்றுபோயிருக்கின்றன. கிளாக்சோவின் டிஆர்பிவி4 மருந்து ஒன்று மனிதர்களிடம் சோதிக்கப்பட்டது. இதயச் செயலிழப்பிலும் நாள்பட்ட இருமலிலும் எதிர்பார்த்த பலன் தரவில்லை, உண்மை. ஆனால் இதயநோயாளிகள் அதைத் தாங்கிக்கொண்டார்கள். வருடக்கணக்கான இருமலில் தோற்றது, சில மணி நேரத்தில் வெள்ளமாகும் நுரையீரலிலும் தோற்கும் என்று யார் முடிவு செய்தது? அது வேறு நோய், வேறு கேள்வி. கேட்டால்தானே பதில் தெரியும்.

மனிதர்களுக்கு வாயுவைக் கொடுத்துச் சோதிக்க முடியாது, கூடவும் கூடாது. அதற்காகத்தான் இப்படிப்பட்ட மருந்துகளை, தகுந்த விலங்குச் சோதனைகளின் அடிப்படையில் அனுமதிக்கும் விதியை அமெரிக்காவின் எஃப்டிஏ 2002-லேயே கொண்டுவந்தது. ஆக, வழியும் இருக்கிறது. இல்லாதது சந்தை. இருமலுக்கு மருந்து கண்டுபிடித்தால் கோடிக்கணக்கானவர்கள் தினமும் வாங்குவார்கள். குளோரின் டேங்க் வெடித்தால் வாங்கப்போவது யார்? 2005-ல் தென் கரோலினாவின் கிரானிட்வில்லில் ரயில் மோதிக் குளோரின் கசிந்ததில் 9 பேர் செத்தார்கள். 2022-ல் ஜோர்டானின் அகபா துறைமுகத்தில் கப்பலில் ஏற்றும்போது டேங்க் விழுந்து 13 பேர். எங்கே, எப்போது என்று முன்கூட்டித் தெரியாத, பெரும்பாலும் கூலிக்கு வேலை பார்க்கும் வாடிக்கையாளர்கள். எந்தக் கம்பெனி இவர்களுக்காகக் கணக்குப் போடும்?

"கசியாமல் பார்த்துக்கொள்வதுதானே முக்கியம், மருந்து வந்தால் முதலாளிகளுக்கு மெத்தனம் வந்துவிடாதா?" என்றும் கேட்பார்கள். தீயணைப்பு வண்டி இருப்பதால் யாரும் வீட்டைக் கொளுத்துவதில்லை ஐயா. வால்வைச் சரியாக வை, சைரனை அடி, சட்டத்தை இறுக்கு. எல்லாம் வேண்டும். அதையும் மீறி மூச்சு முட்டி ஒருவர் வந்து நிற்கிறாரே, அவர் கையில் என்ன கொடுப்பீர்கள், பாதுகாப்பு விதிப் புத்தகத்தையா?

இது அரசுப் பணத்தில் நடக்கவேண்டிய வேலை. போபாலிலேயே 2010-ல் ஐசிஎம்ஆரின் சுற்றுச்சூழல் சுகாதார ஆய்வு நிறுவனம் தொடங்கப்பட்டது. இந்தக் கேள்வியைக் கேட்க உலகத்தில் அதைவிட உரிமையுள்ள ஊர் எது? எலியில் நின்ற ஆய்வைப் பன்றி, ஆடு என்று மனித நுரையீரலுக்கு நெருக்கமான விலங்குகளுக்குக் கொண்டுபோகட்டும். எத்தனை மணி நேரத்துக்குள் கொடுத்தால் பலிக்கும் என்று அளக்கட்டும். பலிக்காவிட்டால் பலிக்கவில்லை என்று அச்சிடட்டும், அதுவும் அறிவுதான்.

சோதித்துத் தோற்றால் ஏற்றுக்கொள்ளலாம். சோதிக்காமலே "மருந்து கிடையாது" என்று பரீட்சையில் எழுதி மார்க் வாங்குவதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. மாற்றுக் கருத்து உள்ளவர்கள் தாராளமாகச் சொல்லுங்கள். திட்டுவதென்றாலும் காரணத்தோடு திட்டுங்கள்.