துறைமுகத்தைப் பார்ப்பவர்கள் பிள்ளைகளையும் பார்க்கட்டும்

திருகோணமலைத் துறைமுகம் எப்போதும் உலக வல்லரசுகளின் பார்வைக்குரிய இடமாகவே இருந்து வந்துள்ளது. 2025 ஏப்ரல் 5ஆம் திகதி இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி கொழும்பில் இருந்தபோது, திருகோணமலையை எரிசக்தி மையமாக அபிவிருத்தி செய்வதற்கான புரிந்துணர்வு உடன்படிக்கை இந்தியா, இலங்கை, ஐக்கிய அரபு இராச்சியம் ஆகிய மூன்று நாடுகளுக்கிடையே கைச்சாத்தானது. அதே தினத்தில் கிழக்கு மாகாணத்துக்கான பல்துறை நன்கொடை உதவி தொடர்பான இன்னொரு உடன்படிக்கையும் கைச்சாத்தானது. சுமார் 240 கோடி ரூபா பெறுமதியான அந்த உதவி பற்றி, எண்ணெய்க் குதங்கள் பற்றிப் பேசப்பட்ட அளவில் பத்தில் ஒரு பங்குகூடப் பேசப்படவில்லை.

அதற்கு முன்னர், 2024 டிசம்பரில் ஜனாதிபதி அநுர குமார திஸாநாயக்க புதுடில்லி சென்றிருந்தபோது, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தையும் கிழக்கு மாகாணப் பல்கலைக்கழகங்களையும் சேர்ந்த 200 மாணவர்களுக்கு மாதாந்தப் புலமைப்பரிசில் வழங்கப்படுமென அறிவிக்கப்பட்டது. இவை வரவேற்கத்தக்கவை என்பதில் இரு கருத்துக்கு இடமில்லை.

ஆனால், அதே காலப்பகுதியில் மேற்கிலிருந்து வந்த செய்திகள் வேறு விதமானவை. 2025 ஜனவரியில் பதவியேற்ற நாளிலேயே அமெரிக்க ஜனாதிபதி டொனால்ட் ட்ரம்ப் வெளிநாட்டு உதவிகளை இடைநிறுத்தினார். பெப்ரவரியில் கல்வி, கலாசாரப் பரிமாற்றத் திட்டங்களுக்கான நிதியும் முடக்கப்பட்டது. ஜூலை முதலாம் திகதியுடன் யு.எஸ்.எய்ட் நிறுவனத்தின் உதவிப் பணிகள் முடிவுக்கு வந்தன. பிரித்தானியாவும் தனது வெளிநாட்டு உதவியை 2027ஆம் ஆண்டளவில் தேசிய வருமானத்தின் 0.3 வீதமாகக் குறைக்கப் போவதாக அறிவித்தது. கொடுப்பதும் நிறுத்துவதும் கொடுப்பவரின் விருப்பத்தைப் பொறுத்தவை. நூலகத்துக்குப் புத்தகம் வருமா, விளையாட்டு மைதானத்துக்கு மதில் எழுமா என்பதை ஏதோவொரு தலைநகரின் தேர்தல் முடிவு தீர்மானிக்கும் நிலையில் நம் மாவட்டத்தின் கல்வி இருக்கலாமா என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வியாகும்.

வெளிநாட்டாரின் கல்விப் பங்களிப்பு இம்மண்ணுக்குப் புதியதல்ல. இரண்டாம் உலகப் போரின் பின்னர் அமெரிக்காவின் நியூ ஓர்லியன்ஸிலிருந்து வந்த இயேசு சபைத் துறவிகள் திருகோணமலையிலும் மட்டக்களப்பிலும் பாடசாலைகளைக் கட்டியெழுப்பினர். கிழக்கில் கூடைப்பந்தாட்டம் வேரூன்றியது அவர்களால்தான். பயிற்றுநராகவும் இசை ஆசிரியராகவும் விளங்கிய யூஜின் ஹேபேர்ட் அடிகளார் பல தசாப்தங்கள் எம்மவருடனேயே வாழ்ந்து, 1990 ஆகஸ்டில் மட்டக்களப்பில் காணாமற்போனார். அவர்கள் கொண்டுவந்த பணத்தை இன்று எவரும் நினைவில் வைத்திருக்கவில்லை. அவர்கள் இங்கேயே தங்கினார்கள், தமிழ் கற்றார்கள், ஒரு தலைமுறையை வளர்த்தார்கள் என்பதுதான் நினைவில் நிற்கிறது.

இதனோடு அண்மைக்கால உதவிகளை ஒப்பிட்டுப் பார்க்கலாம். 2018 ஏப்ரலில் அமெரிக்கக் கடற்படையின் மேர்சி என்ற வைத்தியசாலைக் கப்பல் திருகோணமலைக்கு வந்தது. மருத்துவ முகாம்களும் இசை நிகழ்ச்சிகளும் இடம்பெற்றன. சில வாரங்களில் கப்பல் புறப்பட்டுச் சென்றது. பயனடைந்தோர் நன்றியுடையவர்களாகவே இருப்பர். ஆயினும், ஒரு நாள் உதைபந்தாட்டப் போட்டியும் இரண்டு நாள் இளைஞர் முகாமும் முடிந்து, பதாகை சுருட்டப்பட்டதும் எல்லாம் முடிந்துவிடும் வகையிலான திட்டங்கள் கல்வியாகா. தொடர்ச்சி இல்லாத உதவி, மழை பெய்து ஓய்ந்த மறுநாள் வற்றிப்போகும் குட்டையைப் போன்றது.

இரண்டாவது விடயம் இதைவிட நுணுக்கமானது. 2012ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டின்படி திருகோணமலை மாவட்டத்தில் முஸ்லிம்கள் சுமார் 40 வீதமும் தமிழர்கள் 31 வீதமும் சிங்களவர்கள் 27 வீதமும் ஆவர். இம்மூன்று சமூகத்துப் பிள்ளைகளும் பெரும்பாலும் தனித்தனிப் பாடசாலைகளில் படிக்கின்றனர். வெளிநாட்டுப் புலமைப்பரிசில்களும் அவ்வாறே பிரிந்து கிடப்பதாக ஒரு மனப்பதிவு நம்மிடையே உண்டு. இந்தியாவின் உதவி தமிழருக்கு, பாகிஸ்தானின் அல்லாமா இக்பால் புலமைப்பரிசில் முஸ்லிம்களுக்கு என்று விசாரித்துப் பாராமலே ஒதுங்கிக் கொள்பவர்கள் இரு தரப்பிலும் இருக்கின்றனர். இது தவறான எண்ணம். அவ்விரு நாடுகளின் திட்டங்களும் இலங்கை மாணவர் என்ற தகுதியைத்தான் கேட்கின்றனவேயன்றி, இனத்தைக் கேட்பதில்லை.

முஸ்லிம் சமூகத்துக்கெனவே உள்ள ஒரு திட்டத்திலிருந்து எல்லோரும் கற்றுக்கொள்ள வேண்டியது உண்டு. இஸ்லாமிய அபிவிருத்தி வங்கி, உறுப்புரிமை இல்லாத நாடுகளில் வாழும் முஸ்லிம் மாணவர்களுக்காக 1983இல் ஆரம்பித்த புலமைப்பரிசில் திட்டம் அது. மாணவருக்கு அது வட்டியில்லாக் கடன். சமூகத்துக்கு அது நன்கொடை. பட்டம் பெற்றுத் தொழில் பார்ப்பவர் திருப்பிச் செலுத்தும் பணம் வங்கிக்குப் போவதில்லை. உள்ளூர் நிதியமொன்றில் சேர்ந்து அடுத்த மாணவருக்கு உதவுகிறது. வெளியார் கை மடங்கினாலும் உள்ளூரில் ஊற்று வற்றாதிருக்க வகை செய்யும் ஏற்பாடு இது. இதே முறையில் மூவின மாணவர்க்கும் பொதுவான மாவட்ட நிதியமொன்றை உருவாக்க முடியாதா? புலம்பெயர்ந்து வாழும் திருகோணமலை, மூதூர், கிண்ணியா மக்கள் மனம் வைத்தால் முடியும்.

2018இல் திருகோணமலைப் பாடசாலையொன்றில் ஆசிரியைகளின் ஆடை தொடர்பாக எழுந்த சர்ச்சையின்போது, தமிழரும் முஸ்லிம்களும் எவ்வளவு விரைவில் எதிரெதிர் அணிகளாகிவிட முடியும் என்பதைக் கண்டோம். ஒரே மொழியைப் பேசும் இரு சமூகத்துப் பிள்ளைகள் ஒருவரையொருவர் அறியாமல் வளர்வதன் விலை அது. வெளிநாட்டு இளைஞருடனான பரிமாற்றத்துக்கு முன்னர், கிண்ணியாப் பிள்ளை சம்பூரையும், நிலாவெளிப் பிள்ளை புல்மோட்டையையும், இவர்கள் கந்தளாயையும் அறிந்துகொள்ளும் பரிமாற்றம் நமக்குத் தேவை. நன்கொடையில் உருவாகும் விளையாட்டு அணிகள் கலப்பு அணிகளாக இருக்க வேண்டுமென நிபந்தனை விதிப்பதில் தவறில்லை.

இவற்றையெல்லாம் எட்ட முடியாத தொலைவில் இருக்கும் பிள்ளைகளையும் மறந்துவிடலாகாது. 2021 நவம்பர் 23ஆம் திகதி குறிஞ்சாக்கேணியில் மிதப்புப் பாதை கவிழ்ந்து பாடசாலைப் பிள்ளைகள் உட்படப் பலர் உயிரிழந்தனர். பாலம் இல்லாததால் படிக்கச் சென்ற பிள்ளைகள் மாண்ட மாவட்டம் இது. இங்கிருந்து கொழும்பு சுமார் 260 கிலோமீற்றர். ஆங்கிலத்தில் வெளியாகும் அறிவித்தல், இணையவழி விண்ணப்பம், கொழும்பில் நேர்முகம் என்ற வரிசையில் கிராமத்து மாணவர் முதற்படியிலேயே நின்றுவிடுகிறார். மாணவியராயின் வீட்டார் அனுமதியும் வேண்டும். பெண் பிள்ளையை வெளியே அனுப்பத் தயங்குவதில் தமிழ்ப் பெற்றோரும் முஸ்லிம் பெற்றோரும் ஒன்றுபட்டே நிற்கின்றனர் என்பது கசப்பான உண்மை.

பணம் வந்தாலும் நிர்வாகம் சீர்கெட்டிருந்தால் பயனில்லை என்பதற்கு உதைபந்தாட்டமே சாட்சி. இலங்கை உதைபந்தாட்டச் சம்மேளனத்தை 2023 ஜனவரியில் பீஃபா இடைநிறுத்தியது. ஆகஸ்டில் தடை நீங்கும் வரை அபிவிருத்தித் திட்டங்களும் பயிற்சிகளும் நாட்டுக்கு இல்லாமற்போயின. மேலிடத்தில் நடந்த இழுபறிக்கு விலை கொடுத்தவர்கள் மைதானத்தில் வெறுங்காலுடன் ஓடும் சிறுவர்கள்.

கிழக்கு மாகாண சபையின் பதவிக்காலம் 2017 செப்டெம்பரில் முடிவடைந்தது. அதன் பின் ஆண்டுகள் பல தேர்தல் இன்றியே கழிந்தன. மக்கள் பிரதிநிதிகள் இல்லாத இடத்தில் நன்கொடைக்கு முன்னுரிமை வகுப்பவர் யார், கணக்குக் கேட்பவர் யார்? ஆகவே, 240 கோடி ரூபாவில் திருகோணமலைக்கு என்ன, எந்தப் பாடசாலைக்கு எவ்வளவு என்பதை வேலைத்திட்ட வாரியாகத் தமிழிலும் சிங்களத்திலும் பகிரங்கப்படுத்த வேண்டும். புலமைப்பரிசிலுக்கான தெரிவு முறையையும் வெளியிட வேண்டும். திருகோணமலை, திருகோணமலை வடக்கு, கிண்ணியா, மூதூர், கந்தளாய் ஆகிய ஐந்து கல்வி வலயங்களிலும், வெளிநாட்டு வாய்ப்புகளைத் தாய்மொழியில் விளக்கி விண்ணப்பிக்க உதவும் ஓர் அலுவலராவது நியமிக்கப்பட வேண்டும். இதற்குப் பெருந்தொகை தேவையில்லை, மனம்தான் தேவை.

1950இல் கொழும்பில் கூடிய பொதுநலவாய வெளிநாட்டமைச்சர்களின் மாநாட்டில் பிறந்த கொழும்புத் திட்டம், ஆசிய மாணவர் பல்லாயிரவருக்குப் பயிற்சி வாய்ப்பளித்தது. அத்தகைய வரலாறுடைய நாடு, கையேந்தி நிற்பதை மட்டுமே கொள்கையாகக் கொள்ளலாகாது. நமக்கு எது தேவை என்பதை நாமே வரிசைப்படுத்தி வைத்திருந்தால், தருபவர் மாறினாலும் பிள்ளைகளின் பயணம் நிற்காது. அந்த வரிசையை எழுதும் பொறுப்பைத் தமிழ், முஸ்லிம் தலைமைகள் ஒரே மேசையில் அமர்ந்து நிறைவேற்ற முன்வர வேண்டும் என்பதே எமது எதிர்பார்ப்பாகும்.