உறங்கியவருக்குக் கிடைத்த வாக்கு



2004 டிசம்பர் 26, கிறிஸ்து பிறப்புப் பெருவிழாவின் மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. நிலாவெளி, கிண்ணியா, மூதூர், இலங்கைத்துறை முகத்துவாரம் எனத் திருகோணமலைக் கரையெங்கும் கடல் ஏறி வந்தது. இலங்கையில் 30,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அன்று நம் இல்லங்களில் எழுந்த ஒரு கேள்வி இன்னும் ஓயவில்லை. "நாம் என்ன குறை வைத்தோம்? எந்த நேர்த்தியை மறந்தோம்?" நோயோ கடனோ வாசலை மிதிக்கும்போதெல்லாம் அதுவே மீண்டும் தலைதூக்குகிறது.

துயரத்தோடு ஒரு கணக்கும் இக்கேள்வியில் மறைந்திருக்கிறது. இத்தனை செபமாலை சொன்னேன், இத்தனை வெள்ளிக்கிழமை ஒறுத்தல் காத்தேன், ஆகவே இறைவன் எனக்குக் கடன்பட்டவர் என்னும் கணக்கு. சீலோவாமில் கோபுரம் சரிந்து 18 பேர் இறந்தபோதும் மக்கள் இவ்வாறே எண்ணினர். இறந்தவர்கள் எருசலேமின் மற்றெல்லாரையும் விடக் குற்றவாளிகளா என்று கேட்டு, இல்லை என்று தாமே விடையும் தந்தார் இயேசு. மனமாற்றத்தை அவர் எல்லாரிடமும் கேட்டார். மாண்டவர்மேல் பழி சுமத்த எவருக்கும் இடமளிக்கவில்லை.

தொடக்கநூலின் 15ஆம் அதிகாரத்தைக் குடும்பமாய் அமர்ந்து வாசித்துப் பாருங்கள். பண்டைய வழக்கில் உடன்படிக்கை செய்வோர், வெட்டிய விலங்குகளின் துண்டங்களுக்கிடையே நடந்து செல்வர். வாக்குத் தவறினால் தமக்கும் அக்கதியே என்பது அதன் பொருள். ஆபிராம் விலங்குகளை வெட்டி வைத்தார். இறங்கி வந்த பறவைகளை விரட்டினார். பிறகு? ஆழ்ந்து உறங்கிவிட்டார்! புகையும் தீச்சட்டியும் எரியும் பந்தமுமே துண்டங்களுக்கிடையே சென்றன. கடவுள் மட்டுமே நடந்தார். பளு முழுவதையும் தாமே ஏற்றார். ஆபிரகாம் விருத்தசேதனம் பெற்றது தமது 99ஆம் வயதில், அதாவது இதற்குக் குறைந்தது 13 ஆண்டுகளுக்குப் பின். திருச்சட்டமோ 430 ஆண்டுகள் கழித்தே வந்தது என்று கலாத்தியருக்கு நினைவூட்டுகிறார் திருத்தூதர் பவுல். பின்னர் வந்த சட்டம் முன்னர் தந்த வாக்கை எவ்வாறு அழிக்கும்?

அப்படியாயின் நோன்பும் நேர்த்தியும் வீணா என்பீர்கள். வீணல்ல. மகன் தந்தைக்குச் செய்யும் பணிவிடைக்குக் கூலி பேசுவதில்லை. அதற்காக அவன் கைகட்டி நிற்பதுமில்லை. அன்பின் வழியாய்ச் செயலாற்றும் நம்பிக்கையைப் போதித்தவரும் அதே பவுல்தான்.

இதைப் பிரிந்த சபையாரின் போதனை என்று ஒதுக்குவோரும் நம்மிடையே உண்டு. மீட்பு நம் தகுதியால் அன்று, அருளால் மட்டுமே என்று கத்தோலிக்கத் திருச்சபை லூத்தரன் சபைகளோடு இணைந்து ஆக்ஸ்பர்க் நகரில் அறிக்கையிட்டது 1999 அக்டோபர் 31 அன்று. 2006இல் மெதடிஸ்த சபையாரும் அதில் இணைந்தனர். திருகோணமலையில் மெதடிஸ்தர் நம் அயல்வீட்டார் அல்லவா? வேலிக்கு இருபுறமும் நின்று நெடுங்காலம் நடத்திய வாதத்தை இனியேனும் விட்டுவிடலாம்.

கடலில் பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம், "ஏதோ நேர்த்தி தவறியிருக்கும்" என்று உறவினர் எவரேனும் சொன்னால், அப்பேச்சை அங்கேயே நிறுத்துங்கள். அவளருகில் அமருங்கள். அவள் கேட்க விரும்பினால், ஆபிராம் உறங்கிய அந்த இரவை அவளுக்கு வாசித்துக் காட்டுங்கள்.